தனபாக்கியம் அக்கா போனில் பேசிக்கொண்டிருக்கிறாள்

அடிக்கிறது. கிரைண்டர் இரைச்சலையும் தாண்டிக் கேட்கிறதென்றால் அந்த போன்தான், கண்ணாடி அறைக்குள் மேசை ஓரத்தில் கிடக்கிற லேண்ட்லைன், எப்போதாவது யாராவது நம்பர் மாறிக் கூப்பிட்டு "ரைஸ்மில்லுங்களா?" என்று கேட்பதற்காகவே முதலாளி வைத்திருக்கிற போன். ரைஸ்மில்லாக இருக்கட்டும். சென்னிமலை முருகா, இன்றைக்கு ஒரு நாள் ரைஸ்மில்லாக இருக்கட்டும். நான் பஸ் கூண்டின் உச்சியில், இன்னும் தகடு போடாத கூரையில், வளைத்த பைப்பு ஒன்றில் ஒரு காலும் அடுத்ததில் ஒரு காலுமாக உட்கார்ந்து, முகக்கவசத்தை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்க்கிறேன். கரூரில் இருட்டத் தொடங்குகிறது. அப்படியானால் அங்கே விடிகிறது. அங்கே என்றால் கனடாவில் ஒரு மாகாணம். மாகாணத்தின் பெயரை நான் மனதுக்குள்கூடச் சொல்வதில்லை, சொன்னால் கலைந்துவிடும் என்பது அம்மாவின் கட்சி, அதுவும்போக அந்தப் பெயர் எனக்கு வாயில் நுழையவும் இல்லை. "இந்த வாரம் அந்த மாகாணத்து ஆபீஸ்லருந்து கூப்புடுவாங்க சார். நீங்க நெஜமாவே அங்க வெல்டராத்தான் வேலை பாக்கறீங்களான்னு கம்பெனிக்கே போன் போட்டுக் கேப்பாங்க. தமிழ் தெரிஞ்சவங்களே பேசுனாலும் பேசுவாங்க. மொதலாளிய ரெடியா இருக்கச் சொல்லுங்க" என்று கோயம்புத்தூர் ஏஜென்ட் சொல்லியிருந்தார். முதலாளி ரெடியாகத்தான் இருந்தார். திங்கட்கிழமையிலிருந்து போனுக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, "யெஸ், ஹி இஸ் வெல்டர், வெரி குட் வெல்டர்" என்று பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி முணுமுணுத்துக்கொண்டிருந்தார். இன்றைக்கு மத்தியானம் ஈரோட்டில் அவருடைய பெரியம்மா தவறிவிட்டார், முதலாளி கிளம்பிப் போய்விட்டார். தொண்ணூறு தாண்டிய கிழவி, நல்ல சாவுதான், இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் இழுத்துப் பிடித்திருக்கலாம். இப்படி நினைக்கிறவனை எமன் குறித்து வைத்துக்கொள்வான். போன் நின்றுவிட்டது. தனபாக்கியம் அக்கா எடுத்துவிட்டாள்.

ரைஸ்மில் என்றால் அரை நிமிடத்தில் வைத்துவிடுவாள். வைக்கவில்லை. கவசத்தை இறக்கிக்கொள்கிறேன், சும்மா உட்கார்ந்திருந்தால் கீழே இருக்கிறவர்கள் பார்ப்பார்கள். இருட்டு. வெல்டிங் ராடைத் தட்டினால் பச்சையாக ஒரு பொட்டு, அந்தப் பொட்டைச் சுற்றி ஒரு விரல்கடை உலகம், அதற்கு வெளியே ஒன்றும் கிடையாது. மற்ற நாட்களில் இந்த இருட்டு எனக்குப் பிடிக்கும். யாரும் வரமுடியாத அறை இது, வாடகையும் இல்லை. இன்றைக்கு இருட்டுக்குள்ளும் அக்கா நிற்கிறாள். தனபாக்கியம் அக்காதான் பஸ் கூண்டு கட்டுகிற இந்தப் பட்டறையின் கணக்குப்பிள்ளை, முதலாளி இல்லாதபோது முதலாளி, முதலாளி இருக்கும்போதும் பாதி முதலாளி. வெளிச்சம் பட்டுக் கண் சிவந்து மணலைக் கொட்டின மாதிரி உறுத்திக்கொண்டு வருகிற வெல்டர்களுக்கென்று அவளுடைய மேசை இழுப்பறையில் கண்ணுக்கு விடுகிற சொட்டு மருந்து எப்போதும் இருக்கும். "வெல்டிங்க விட்டுத் தொலைங்கடா" என்று திட்டிக்கொண்டே ஊற்றிவிடுவாள். தங்கமான மனுஷி. அவள் பொய் சொல்லி நான் கேட்டதில்லை, ஒரே ஒரு விஷயத்தைத் தவிர, அதை இப்போது நினைக்க வேண்டாம். கவசத்தை ஏற்றுகிறேன். அக்கா எழுந்து நின்று பேசிக்கொண்டிருக்கிறாள். முந்தானையை இழுத்துச் சரிசெய்கிறாள். ரைஸ்மில்காரனுக்கு யாராவது முந்தானையைச் சரிசெய்வார்களா? தலையைத் திருப்பிக் கண்ணாடி வழியாகக் கூரையில் இருக்கிற என்னைப் பார்த்தாள். சிரித்தாள். ராடு பைப்போடு ஒட்டிக்கொண்டது. வேலை கற்றுக்கொள்கிறவனுக்குத்தான் இப்படி ஒட்டும்.

இறங்கி ஓடலாம். ஓடக்கூடாது. ஏணியை வேறு பெயின்டர் பழனியாண்டி தூக்கிக்கொண்டு போய்விட்டான், பக்கத்து வண்டிக்கு முருகன் துணை எழுதுகிறானாம். ஏணி இருந்தாலும் ஓடக்கூடாது. ஆபீஸ் போன் அடித்ததற்கு ஒரு வெல்டர் கூரையிலிருந்து குதித்து ஓடினால் பட்டறையே வேலையை நிறுத்திவிட்டு என்ன ஏது என்று கேட்கும். கேட்டால் சொல்ல வேண்டும். சொன்னால் போச்சு. இந்தச் சங்கதி அம்மாவுக்கும் முதலாளிக்கும் முருகனுக்கும் மட்டும்தான் தெரியும், கூடப் பிறந்த தங்கச்சிக்கே தெரியாது. டிக்கெட் கைக்கு வருகிறவரைக்கும் மூச்சு விடக்கூடாது என்று அம்மா என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள். முதலாளி வேறு, "உன்னையப் பாத்து நாலு பேரு கெளம்புனா இந்தக் கூண்டையெல்லாம் நானா பத்த வெக்கறது? கமுக்கமாப் போயிரு" என்று சொல்லித்தான் அனுபவச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். எல்லாம் தங்கராசு செய்த வேலை. தங்கராசு என் சித்தப்பா மகன். சிங்கப்பூர் போகிறேன் என்று ஊரெல்லாம் சொன்னான். கூட்டாளிகள் பஸ் ஸ்டாண்டில் பேனர் வைத்தார்கள், கறுப்புக் கண்ணாடி போட்ட தங்கராசு, பின்னால் ஒரு சிங்கம், 'கடல் கடக்கும் எங்கள் சிங்கமே, சென்று வா, வென்று வா.' கிடா வெட்டினார்கள். மெடிக்கலில் நெஞ்சுப் படத்தில் ஏதோ நிழல் தெரிகிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நிழல் அப்புறம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது, பேர் மட்டும் நின்றுவிட்டது. இன்றைக்கும் டீக்கடையில் "சிங்கப்பூருக்கு சர்க்கரை கம்மியா ஒண்ணு" என்றுதான் குரல் கொடுக்கிறார்கள். பேனர் வீணாகவில்லை, மழைக்கு ஆட்டுக்கொட்டகை மேல் போட்டிருக்கிறார்கள், ஆடுகள் சிங்கத்துக்கு அடியில் பயமில்லாமல் படுத்துக்கிடக்கின்றன. எனக்கும் அப்படி ஒரு பேர் வந்துவிட்டால் என்ன செய்வேன்? "கனடாவுக்கு ஒரு வடை." நினைக்கும்போதே காது சுடுகிறது.

இறக்கு. இருட்டு. பச்சைப் பொட்டு. அக்கா என்ன சொல்கிறாள்? ஒரே வார்த்தைதான் சொல்ல வேண்டும், வெல்டர். அவ்வளவுதான். ஏஜென்ட் முதல் நாள் அந்த மாகாணத்தில் ஆள் கிடைக்காத வேலைகளைக் கம்ப்யூட்டரில் பார்த்து வாசித்தார், நர்ஸ், லாரி டிரைவர், கறி வெட்டுகிறவர், தச்சர், வெல்டர். எனக்குக் காதில் ஏதோ கோளாறு என்று நினைத்து மறுபடி வாசிக்கச் சொன்னேன். மறுபடியும் வெல்டர் என்றார். தங்கச்சி மாப்பிள்ளை சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறார், அவரும் கனடாவுக்குத்தான் போட்டிருக்கிறார், வருஷமாகிறது, மதிப்பெண் பத்தவில்லை என்று அங்கேயே நிற்கிறது. தீபாவளிக்கு வந்தால் "என்ன மச்சான், இன்னும் பத்த வெச்சுக்கிட்டேதான் இருக்கீங்களா?" என்று கேட்பார். ஆமாம் மாப்பிள்ளை, பத்த வைக்கிறவனைத்தான் அங்கே தேடுகிறார்களாம். இதை அவரிடம் சொல்லுகிற நாளை நான் பல தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் வேறு சட்டை போட்டிருக்கிறேன். எனக்கு முப்பத்திநாலு வயது. பார்த்த பெண் வீடுகளிலெல்லாம் முதலில் பலகாரம் வரும், அப்புறம் கேள்வி வரும். "பையன் என்ன பண்றாருங்க?" வெல்டிங் என்றதும் பலகாரத் தட்டு கொஞ்சம் பின்வாங்கும். "கண்ணு போயிருமாமே." "கையெல்லாம் சூடு பட்ட தழும்பா இருக்குமே." ஒரு வீட்டில் காபிகூட வரவில்லை. எந்த வீடும் வேண்டாம் என்று சொன்ன வேலைக்காக ஒரு மாகாணமே என்னைக் கேட்கிறது. அந்த மாகாணத்தை நான் நேரில் பார்த்ததில்லை, பொருத்தம் பார்க்கவில்லை, படத்தில் பார்த்தால் ஒரே வெள்ளையாக ஒன்றுமே இல்லாமல் கிடக்கிறது, இருந்தாலும் எனக்குப் பிடித்துப்போயிற்று. வெல்டர் என்று சொன்னால் போதும். மாற்றிச் சொன்னால்தான் வினை. "ஒரு வார்த்தை மாறுனாலும் நாம பொய் சொன்னதா ஆயிரும் சார், அப்பறம் வருசக்கணக்கா அந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்க முடியாது" என்று ஏஜென்ட் சொன்னார். ஆனால் அக்கா எதற்கு மாற்றிச் சொல்லப் போகிறாள்? அவளுக்குத் தெரியாதா நான் வெல்டர் என்று?

ஏற்று. அக்கா கையைத் தலைக்கு மேலே உயர்த்திக் காட்டுகிறாள். போனில் பேசினால் கை தெரியாது என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை, சொன்னாலும் கையில்லாமல் அவளுக்குப் பேச வராது. அது உயரம். என் உயரத்தைச் சொல்கிறாள், இரண்டு அங்குலம் கூட்டித்தான் சொல்கிறாள். வெல்டருக்கு எதற்கு உயரம்? இருக்கலாம். அங்கே குளிர், முழங்கால் வரைக்கும் பனி, கோட்டும் பூட்ஸும் அளவெடுத்துத் தருவார்களாயிருக்கும். குளிரைப் பற்றியும் நான் யோசித்து வைத்திருக்கிறேன். பஸ் ஸ்டாண்ட் ஐஸ்கிரீம் கடையில் கடைக்காரர் சில்லறை தேடுகிற சாக்கில் பெட்டிக்குள் முழங்கை வரை விட்டுப் பார்த்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை, அப்புறம் கை என்னுடையதா என்றே சந்தேகம் வந்தது, கடைக்காரர் "என்னங்க, எந்த ஐஸுன்னு முடிவு பண்ணலீங்களா?" என்றார். தாங்கலாம். ஆரம்பத்தில் தெரியும், அப்புறம் தெரியாது. இப்போது அக்கா தன் முன்னங்கையைத் தடவிக் காட்டுகிறாள். நிறம். நிறம் எதற்கு? பாஸ்போர்ட்டில் அடையாளம் போடுவார்கள், அதற்காக இருக்கும். இப்போது கட்டைவிரலை வாய்க்கு நேரே சாய்த்துவிட்டு இல்லை இல்லை என்று தலையாட்டுகிறாள். குடிக்கமாட்டான். சரி, எந்தக் கவர்மென்ட்தான் குடிகாரனை வேலைக்குக் கூப்பிடும், நியாயமான கேள்வி. மார்பில் கை வைத்துக்கொள்கிறாள். அம்மாமேல் உயிராக இருப்பான். இது எதற்கு? உயரம், நிறம், குடி, அம்மா. உயரம், நிறம், குடி, அம்மா. இந்த வரிசையை நான் எங்கோ பார்த்திருக்கிறேன். இறக்கு. வேண்டாம், ஏற்று. அக்கா இரண்டு உள்ளங்கையையும் விரித்து, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, ஒன்றால் இன்னொன்றைத் துடைத்துக் காட்டுகிறாள். சுத்தமான கை. அழுக்கே படாத கை.

நாமக்கல். நினைக்க வேண்டாம் என்று தள்ளி வைத்திருந்தது இதைத்தான். கல்யாணத்துக்கு யாராவது பையனைப் பற்றி விசாரிக்கக் கூப்பிட்டால் மட்டும் தனபாக்கியம் அக்காவின் நாக்கு வேறு நாக்காகிவிடும். அது பொய்யல்ல, புண்ணியம் என்பாள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள், நான் நாலுதானே சொன்னேன் என்பாள். போன வருஷம் நாமக்கல்லிலிருந்து பெண் வீட்டார் கூப்பிட்டபோது என்னை ஃபோர்மேன் ஆக்கினாள். கை கட்டி நின்று வேலை வாங்குகிறவன், மிஷினைத் தொடுகிறதில்லை என்றாள். அவர்கள் ஃபோர்மேனைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று சொல்லாமல் கொள்ளாமல் காரில் வந்து இறங்கினார்கள். நான் சேஸிஸுக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தேன். பெண்ணின் அப்பா குனிந்து, "தம்பி, இங்க சென்னியப்பன்னு ஒரு ஃபோர்மேன், எங்க இருப்பாருங்க?" என்று என்னிடமே கேட்டார். முகமெல்லாம் கரி, பல் மட்டும் வெள்ளை. பல்லைக் காட்டினேன். கார் திரும்பிப் போயிற்று. இன்றைக்கு அக்கா ஃபோர்மேனோடு நிறுத்துவாளா? கனடா ஆயிற்றே. கவசத்தைக் கழற்றி எறிந்தேன். ஏணி இல்லை. பில்லர் பைப்பைக் கட்டிக்கொண்டு தென்னைமரம் இறங்குகிற மாதிரி வழுக்கினேன். புதிதாகப் பற்றவைத்த இடம், உள்ளங்கை சுட்டது, சுடட்டும். ஓடக்கூடாது, நடக்க வேண்டும், சாவதானமாக நடக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே ஓடினேன். கிரைண்டர்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"வா கண்ணு, உனக்குத்தான்" என்றாள் அக்கா, ரிசீவரின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு. முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "கனடா எடம். சிலோன் தமிழாட்ட இருக்குது, அத்தன மரியாதியாப் பேசுது அந்தம்மா. சென்னியப்பனைப் பத்தி விசாரிக்கோணும்னுச்சு. அதுக்கு மேல என்னென்னமோ ஆபீசு, மாகாணம்னு சொல்லுச்சு, அவுங்க குடும்பமே ஆபீசருங்களாட்ட இருக்குது. நான் அதையெல்லாம் எதுக்குக் கேட்டுக்கிட்டு? பையனப் பத்தி ஆரம்பிச்சுட்டேன்." என்ன சொன்னீங்க என்று கேட்டேன். "எல்லாம் நல்லபடியாத்தான். சூப்பர்வைசர்னு சொல்லியிருக்கறேன். ஃபோர்மேன்னா அவங்களுக்குப் புரியுதோ என்னமோ. வெல்டிங் செய்வாரா, வெல்டிங் செய்வாரான்னு மூணு தரம் கேட்டுருச்சு, பாவம். அவங்களுக்கும் அந்தப் பயந்தான். அந்தக் கவலையே வேண்டாமுங்க, மிசினுப் பக்கம் தலை காட்டமாட்டான், கை ரோசாப்பூவாட்ட இருக்கும்னுட்டேன்." பழைய போன், எதிர்ப்பக்கத்துக் குரல் அறை முழுக்கக் கேட்கும். அவளுடைய விரலிடுக்கு வழியாக ஒரு பெண் குரல் வந்தது. "அக்கா, லைன்ல நிக்கிறீங்களோ? அப்ப அவர் வெல்டர் இல்லை எண்டுதானே சொல்லுறீங்கள்? நான் அப்பிடியே எழுதட்டோ?"

எழுதட்டோ. என் வாழ்க்கையில் இவ்வளவு மரியாதையாக யாரும் என் கழுத்தைப் பிடித்ததில்லை. "அக்கா, வெல்டர்னு சொல்லுங்க" என்றேன். "உனக்கென்ன பித்தா?" என்றாள். "வெல்டர்னு சொல்லுங்கக்கா, உங்க கால்ல வேணா உழுகறேன்." எதுக்கு என்றாள். சொல்ல வாயைத் திறந்தேன். பழனியாண்டி பிரஷ்ஷோடு கதவில் சாய்ந்து, "என்ன மாப்ள, பில்லர்ல வழுக்கிக்கிட்டு வர்ற?" என்று நின்றான், அவனுக்குப் பின்னால் இன்னும் இரண்டு தலை. ஆட்டுக்கொட்டகைச் சிங்கம் ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள், சுட்ட கையைப் பார்த்தாள், அவளாகவே ஒரு முடிவுக்கு வந்தாள். "நாமக்கல்லுக்குப் பயந்துட்டியா? நேர்ல வந்து பாத்தா மானம் போயிரும்னா?" ஆமாம் என்று தலையாட்டினேன். அதுவும் பொய்யில்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "பொய்யச் சொல்லிக் கட்ட வேண்டாம்ங்கற. நல்ல புள்ளடா நீ" என்றாள். மூச்சை இழுத்துவிட்டாள். யாருடைய கல்யாணத்தையும் அவள் இதுவரை கெடுத்ததில்லை, முதல் தடவையாகக் கெடுக்கப் போகிறாள், அதுவும் எனக்கு. ரிசீவரைக் காதில் வைத்தாள்.

"அம்மா, ஒரு சங்கதிங்க. சூப்பர்வைசருன்னு சொன்னது நானாச் சொன்னதுங்க, பையனுக்கு நல்ல எடம் அமையோணும்ங்கற ஆசைல. எம்மேல தப்பு. பையனுக்கு அதுல ஒரு பங்கும் இல்லைங்க, அவன் இப்பத்தான் வந்து நெசத்தச் சொல்லச் சொல்றான். அவன் வெல்டருங்க." அக்கா என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "என்ன வெல்டிங் அக்கா?" என்றது குரல். "பஸ்சுக் கூண்டுங்க. காத்தால ஏறுனா பொழுதெறங்கத்தான் எறங்குவான். பதினோரு வருசமா வேற வேலையே தெரியாதுங்க. சட்டையெல்லாம் பொத்தல் பொத்தலா இருக்கும். கண்ணு செவந்து கெடக்கும், நாந்தான் மருந்து ஊத்தோணும். கையப் பாத்தா உங்களுக்குச் சோறு எறங்காதுங்க." ஒவ்வொன்றையும் தன் கழுத்து நகையைக் கழற்றி வைப்பது மாதிரி சொன்னாள். அந்தப் பக்கம் மெல்லச் சிரிப்புச் சத்தம் கேட்டது. "விளங்குது அக்கா. ஆள் வேலையில எப்பிடி?" "வேலைலீங்களா?" அக்கா கண்ணாடி வழியாகக் கூண்டைப் பார்த்தாள். "அவன் பத்த வெச்ச எடம் இன்னைக்கு வரைக்கும் விட்டதில்லைங்க. திண்டுக்கல் ரோட்டுல ஒரு வண்டி உருண்டு கெடந்துச்சு, கூண்டு நசுங்குலீங்க, உள்ள இருந்த சனமெல்லாம் நடந்து வந்துச்சு. அவன் பத்த வெச்ச வண்டிதான். ஆனா அதை வெச்சு எந்தப் பொண்ணு வூட்ல சம்மதிக்கறாங்க? எங்க வூட்டுப் பையனாட்டங்க அவன். நல்ல எடமாப் போகோணும்." இந்தப் பட்டறையில் இதை யாரும் என்னிடம் சொன்னதில்லை, போகப்போகிற நேரத்தில் போனில் வேறு யாருக்கோ சொல்லிக் கேட்க வேண்டியிருக்கிறது. "நல்லது அக்கா, நல்லது. எனக்கு எழுத இவ்வளவும் காணும். நான் வெல்டர் எண்டே எழுதுறன். சந்தோசம்" என்றது குரல். அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது.

அக்கா ரிசீவரை வைத்தாள். அப்புறம் என்னை அருகே இழுத்து, பழனியாண்டிக்குக் கேட்காத குரலில் சொன்னாள். "வேண்டாம் கண்ணு. இந்த எடம் சரியில்ல. சூப்பர்வைசருன்னப்ப அந்தம்மா உம்முன்னு இருந்துச்சு. வெல்டருன்னதும் சந்தோசம்ங்குது. சட்டை பொத்தல்னேன், சிரிக்குது. இத்தன மட்டமாச் சொல்லியும் ஒருத்தி நல்லது நல்லதுன்னு எழுதிக்கறான்னா, பொண்ணுக்கு என்னமோ பெரிய கொறை இருக்குதுன்னு அர்த்தம். நாம இங்கயே பாத்துக்கலாம், உனக்கென்ன அவசரம்?" எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. சிரிப்பு நின்ற பிறகும் தண்ணீர் நிற்கவில்லை, சுட்ட கையால் துடைத்தால் எரிந்தது. அவளிடம் சொல்லிவிட வேண்டும். இன்றைக்கு முடியாது, பழனியாண்டி நிற்கிறான், அம்மாவின் சத்தியம் இருக்கிறது. டிக்கெட் வந்த அன்றைக்கு முதலில் அவளிடம்தான் சொல்ல வேண்டும், எப்படிச் சொல்லப் போகிறேன் என்று தெரியவில்லை. "பாத்தியா, கண்ணு போயிருச்சு. வெல்டிங்க விடுடான்னா கேக்கறியா?" என்று அக்கா மேசை இழுப்பறையைத் திறந்து சொட்டு மருந்தைத் தேடினாள். மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தாள். "மூஞ்சியத் தூக்கு" என்றாள். தூக்கினேன்.